சங்கத்தில் ஐந்து பேருக்கு மாதச் சம்பளம்: இபிஎஃப், சொக்சோ, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் நமக்கும் உண்டா?

பிறைவாசி

வணக்கம். சங்கப் பதிவு இலாகாவில் பதிவான சின்னச் சமூகச் சங்கம் எங்களுடையது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறையில் கடைவீட்டு மேல்மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து டியூஷனும் கணினி வகுப்பும் நடத்துகிறோம். கட்டணம் பேருக்குத்தான், மீதி எல்லாம் நன்கொடை. செயலவையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் மாதாமாதம் காசு வாங்கும் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

கிராணி (அலுவலக எழுத்தர்) ஒருவர், பெண், மூன்று வருடமாக வேலை செய்கிறார். திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 5, நடுவில் அரை மணி சாப்பாட்டுக்கு. 1,500 வெள்ளி (ரிங்கிட்) ரொக்கம். மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை 9 முதல் 1 வரை நிலையத்தைத் திறந்து வைப்பார், அதற்குத் தலா 30 வெள்ளி சாப்பாட்டுக் காசு.

டியூஷன் ஆசிரியர்கள் இருவர், வாரம் ஐந்து மாலை, தினம் மூன்று மணி நேரம். ஆளுக்கு 700 வெள்ளி அலவன்ஸ்.

ஜாகா (காவலாளி) ஒருவர், வயது 63. மாலை 5 முதல் இரவு 10, வாரம் ஆறு நாள், 950 வெள்ளி.

துப்புரவு செய்யும் அம்மா, வயது 47. தினம் மூன்று மணி நேரம், ஆறு நாள், 600 வெள்ளி.

இதுவரை யாருக்கும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) இல்லை, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) இல்லை, வேலை நியமனக் கடிதமும் இல்லை. வவுச்சரில் கையெழுத்து வாங்குவதோடு சரி. இப்போது கிராணி வேலையை விடப் போவதாகச் சொல்கிறார், ஞாயிறு வேலைக்குக் காசு குறைவு என்றும் கேட்கிறார். செயலவையில் சிலர், "நாம் லாபம் பார்க்கும் கம்பெனி இல்லையே, தொண்டு அமைப்புக்கு இதெல்லாம் பொருந்தாது" என்கிறார்கள். உண்மையா? போன மாதம் காசுப் பெட்டியில் 180 வெள்ளி குறைந்தது. அதைக் கிராணியின் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கலாமா? தைப்பூசத்தன்று வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?

பேரோல் மேசை

முதலில் அந்தத் "தொண்டு அமைப்பு" வாதத்தை முடித்துவிடலாம். 1955 வேலைவாய்ப்புச் சட்டமோ, சேமநிதிச் சட்டமோ, சொக்சோ சட்டமோ, சம்பளம் கொடுப்பவர் லாபம் பார்க்கிறாரா என்று கேட்பதில்லை. வேலை ஒப்பந்தம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் உங்களுக்கு நன்கொடை விலக்கு இருந்தால்கூட அது வரிக்கு மட்டும்தான், முதலாளி என்ற கடமையை அது தொடாது. கோயில் நிர்வாகங்களிலும் இதே வாதம் அடிக்கடி வரும். அங்கேயும் பதில் இதேதான்.

கடிதம் இல்லை என்பதால் ஒப்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 101சி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று இருந்தாலே அவர் தொழிலாளி என்றும் நீங்கள் முதலாளி என்றும் சட்டம் ஊகிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். எப்படி வேலை செய்வது என்று நீங்கள் சொல்கிறீர்களா, நேரத்தை நீங்கள் வைக்கிறீர்களா, கருவிகளும் பொருள்களும் உங்களுடையவையா, அந்த வேலை உங்கள் நடவடிக்கையின் முக்கியப் பகுதியா, உங்கள் நன்மைக்காக மட்டுமே செய்யப்படுகிறதா, குறித்த காலத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து, அதுவே அவர் வருமானத்தில் பெரும்பங்காகவும் இருக்கிறதா.

கிராணி, ஜாகா, துப்புரவு அம்மா மூவருக்கும் இதில் சந்தேகமே இல்லை. ஆசிரியர்கள்தான் சிக்கல். டியூஷன் நிலையத்தில் கற்பிப்பது முக்கியப் பகுதி இல்லாமல் வேறென்ன? கால அட்டவணையும் உங்களுடையது, வெண்பலகையும் உங்களுடையது. "அலவன்ஸ்" என்று வவுச்சரில் எழுதியதால் அது சம்பளம் இல்லை என்றாகிவிடாது. உண்மையான தொண்டர் என்றால் பெட்ரோல், டோல் போன்ற உண்மைச் செலவை ரசீது பார்த்துத் திருப்பிக் கொடுப்பீர்கள். மாதாமாதம் ஒரே தொகை 700 என்றால் அது தொண்டு மாதிரித் தெரியாது.

அந்த ஆசிரியர்கள் பகலில் அரசுப் பள்ளியில் வேலை செய்பவர்களாக இருந்தால் இன்னொரு விஷயம். வெளிவேலைக்கு அவர்கள் தங்கள் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அதன் நகல் ஒன்றை உங்கள் கோப்பில் வையுங்கள்.

ஜெலுத்தோங் கடைக்காரர்

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது ஐந்து பேருக்குக் கீழே உள்ள இடங்களுக்கு 2025 ஆகஸ்ட் 1-இல்தான் தொடங்கியது. உங்களுக்கு முழுநேர ஆள் ஒருவர்தானே? அப்படிப் பார்த்தால் ஆகஸ்டிலிருந்து கணக்குப் போட்டால் போதும்.

பேரோல் மேசை

அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். முழுநேர ஆளை மட்டும் எண்ணக்கூடாது, பகுதிநேர ஊழியரும் ஊழியர்தான். ஆசிரியர் இருவரையும் சேர்த்தால் சரியாக ஐந்து. ஐந்து பேரும் அதற்கு மேலும் உள்ள முதலாளிக்கு 1,700 வெள்ளி 2025 பிப்ரவரி 1 முதலே நடப்பில் இருக்கிறது. ஆசிரியர்களைத் தொழிலாளர் என்று ஒத்துக்கொள்வதா இல்லையா என்ற கேள்வி மற்ற மூவரின் ஆறு மாதப் பாக்கியையும் முடிவு செய்கிறது. இதைச் செயலவையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

கணக்கு இப்படி. 1,700 என்பது அடிப்படைச் சம்பளம், மற்ற அலவன்ஸைச் சேர்த்து 1,700 காட்ட முடியாது. மணிக் கணக்கில் அது 8.72 வெள்ளி. வார மணி நேரத்தை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாத மணி நேரம் வரும்.

ஜாகா வாரம் 30 மணி, மாதம் 130 மணி. 130 × 8.72 = 1,133.60. நீங்கள் கொடுப்பது 950. குறைவு 183.60.

துப்புரவு அம்மா வாரம் 18 மணி, மாதம் 78 மணி. 680.16 வர வேண்டும், 600 கொடுக்கிறீர்கள். குறைவு 80.16.

ஆசிரியர் வாரம் 15 மணி, மாதம் 65 மணி. 566.80 போதும், நீங்கள் 700 கொடுக்கிறீர்கள். பாடம் தயாரிக்கும் நேரத்தையும் நிலையத்திலேயே உட்கார்ந்து செய்யச் சொன்னால் அந்த மணியும் சேரும், கவனம்.

கிராணிக்கு 200 குறைவு.

மூவருக்கும் சேர்த்து மாதம் 463.76. பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆறு மாதத்துக்கு மட்டும் 2,782.56 வெள்ளி. ஆகஸ்டிலிருந்து தொடரும் பாக்கி தனி, அதில் யாருக்கும் சந்தேகமே வேண்டாம். அதற்கு முந்தைய 1,500 வெள்ளி ஆணையின்படி (மணிக்கு 7.21) பார்த்தால் நீங்கள் கொடுத்தது சரியாகவே இருந்திருக்கிறது. ஆணை மாறியபோது சம்பளத்தை மாற்றாமல் விட்டதுதான் இப்போது பாக்கியாக நிற்கிறது. குறைவாகக் கொடுத்தால் ஊழியர் ஒருவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

தொழிற்சங்கத் தோழர்

கிராணியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். பொருளாளருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

ஞாயிறு அவருடைய ஓய்வு நாள். மாதச் சம்பளக்காரர் ஓய்வு நாளில் வேலை செய்தால், வழக்கமான ஒருநாள் வேலை நேரத்தில் பாதி அல்லது அதற்குள் என்றால் அரைநாள் சம்பளம் கூடுதலாக வரும். பாதிக்கு மேல், முழுநேரம் வரை என்றால் ஒருநாள் சம்பளம். அவருக்கு வழக்கமான நேரம் ஏழரை மணி. பாதி என்பது 3 மணி 45 நிமிடம். நீங்கள் வைத்திருப்பது 9 முதல் 1 வரை, அதாவது 4 மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தால் அரைநாள் முழுநாளாகிவிடுகிறது. 12.45-க்குக் கதவைப் பூட்டியிருந்தால் பாதிதான் வந்திருக்கும்.

ஒருநாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தது. 1,700 ÷ 26 = 65.38. பழைய 1,500 காலத்துக்கு 57.69. ஒரு ஞாயிறுக்கு 30 வெள்ளி கொடுத்தது எப்படிப் பார்த்தாலும் போதாது. அந்த 30 வெள்ளியைக் கழித்துக்கொள்ளலாமா என்றால், வவுச்சரில் "சாப்பாட்டுக் காசு" என்று எழுதிவிட்டு இப்போது அது சம்பளம் என்று தொழிலாளர் இலாகாவில் வாதாடுவது உங்களுக்குக் கஷ்டம்.

சாதாரண நாளில் 5 மணிக்கு மேல் இருந்தால் ஒன்றரை மடங்கு. 65.38-ஐ ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8.72, ஒன்றரை மடங்கு 13.08. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்குச் சட்டப்படி இந்த ஓவர்டைம் விகிதங்கள் கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் ஆட்களில் அப்படி யாரும் இல்லை.

180 வெள்ளி விஷயம்: பிடிக்க முடியாது. வேலைவாய்ப்புச் சட்டம் 24-ஆவது பிரிவில் எதையெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. முதலாளி தவறிக் கூடுதலாகக் கொடுத்ததை (கடந்த மூன்று மாதத்துக்குள்), முன்பணத்தை (வட்டியில்லாமல்), நோட்டீஸ் கொடுக்காமல் போனதற்கான ஈட்டை, இபிஎஃப் போல வேறு சட்டம் சொல்வதை. பெட்டியில் குறைந்த காசு, உடைந்த தட்டு, தொலைந்த சாவி அதில் இல்லை. அவர் எடுத்தார் என்று நினைத்தால் முறையான விசாரணை வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பெட்டிச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதையும் அப்போது கேட்பார்கள்.

நோட்டீஸ் காலம்: எழுத்தில் ஒன்றும் இல்லாததால் சட்டம் சொல்வதே பொருந்தும். இரண்டு வருடத்துக்குக் கீழே 4 வாரம், இரண்டு முதல் ஐந்துக்குள் 6 வாரம், ஐந்தும் மேலும் 8 வாரம். இவருக்கு 6 வாரம். ஆனால் அதை இறுக்கிப் பிடிக்காதீர்கள். சம்பளத்தைச் சட்டப்படி கொடுக்காத முதலாளி ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார் என்று 15(1) சொல்கிறது. முதலாளி வேண்டுமென்றே மீறியதாக வந்துவிட்டால், நோட்டீஸ் இல்லாமலே போகும் உரிமை அவருக்கு உண்டு. நோட்டீஸ் பணம் கேட்டு அவரைத் தொழிலாளர் இலாகாவுக்கு விரட்டினால் அங்கே உங்கள் கணக்குப் புத்தகம்தான் முதலில் திறக்கப்படும்.

"எல்லாம் வாங்கிக்கொண்டேன், இனிக் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கச் சிலர் யோசனை சொல்வார்கள். சட்டம் கொடுத்ததைவிடக் குறைவான எந்த ஏற்பாடும் 7-ஆவது பிரிவின்படி அந்த அளவில் செல்லாது. சரியான தொகையைக் கொடுத்து அதற்கான ரசீதில் கையெழுத்து வாங்குங்கள், அது போதும்.

காசு கேட்டார் என்ற கோபத்தில் இன்றைக்கே போகச் சொல்லிவிடவும் வேண்டாம். அப்போது அது வேலை நீக்கம் ஆகிவிடும். வேலை நீங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் அவர் 1967 தொழிலுறவுச் சட்டம் 20-ஆவது பிரிவில் தொழிலுறவு இலாகாவுக்கு மனுச் செய்யலாம். சம்பளப் பாக்கி வேறு வழி. அது தொழிலாளர் இலாகா, அதற்கு ஆறு வருடம் வரை கால அவகாசம். இரண்டையும் ஒன்றாக நினைத்து 60 நாளைக் கோட்டை விடும் தொழிலாளர்கள் நிறைய.

பிறைவாசி

மிக்க நன்றி, தலை சுற்றுகிறது. இரண்டு சந்தேகம். அந்தப் பெண் மாதத்தின் நடுவில், 18-ஆம் தேதி போனால் அந்த மாதச் சம்பளத்தையும் 26-ஆல் வகுப்பதா? அடுத்து, இபிஎஃப், சொக்சோவில் இப்போது போய்ப் பதிந்தால் பழையதற்கும் கட்டச் சொல்வார்களா? கிராணி, "கையில் வரும் காசு குறையும், வேண்டாம்" என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

பேரோல் மேசை

இல்லை, 26 அதற்கு இல்லை. முழுமையில்லாத மாதத்துக்கு 18ஏ பிரிவு இருக்கிறது. அந்த மாதத்தின் காலண்டர் நாள்களால் வகுத்து, சம்பளத்துக்கு உரிய நாள்களால் பெருக்க வேண்டும். 30 நாள் மாதத்தில் 18-ஆம் தேதி வரை என்றால் 1,700 ÷ 30 × 18 = 1,020 வெள்ளி. ஓய்வு நாள், ஓவர்டைம், பொது விடுமுறை வேலை, எடுக்காத ஆண்டு விடுப்புக்கான காசு இதற்கெல்லாம்தான் 26. இரண்டு வகுப்பையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் இரண்டு பக்கமும் சண்டை.

ஆண்டு விடுப்பை மறந்துவிடாதீர்கள். முழுநேரத்துக்கு முதல் இரண்டு வருடம் 8 நாள், பிறகு ஐந்து வருடம் வரை 12 நாள், அதன்பின் 16 நாள். கிராணிக்கு இப்போது வருடத்துக்கு 12. பாதி வருடம் என்றால் அதற்கேற்ற விகிதம். மிச்சமுள்ள நாள் ஒவ்வொன்றுக்கும் 65.38. கடைசிச் சம்பளம் ஒப்பந்தம் முடியும் அன்றே கைக்குப் போக வேண்டும். மாதாந்தரச் சம்பளம் போல அடுத்த மாதம் 7-ஆம் தேதி வரை இழுக்க முடியாது.

இனி இபிஎஃப். முதல் ஆளை வைத்த ஏழு நாளுக்குள் முதலாளியாகப் பதிந்திருக்க வேண்டும். சொக்சோவுக்கு 30 நாள். தேதி எப்போதோ போய்விட்டது, ஆகவே பழையதற்கும் கேட்பார்கள். இபிஎஃப் தாமதத்துக்கு வட்டியோடு, ஊழியருக்குக் கிடைக்காமல் போன டிவிடெண்டையும் வசூலிக்கும். சொக்சோ வருடத்துக்கு 6 விழுக்காடு வட்டி. அவர்கள் வந்து கண்டுபிடிக்கும் முன்பு நீங்களே போய்ப் பதிந்து, தவணைக்குப் பேசுவது எப்போதும் நல்லது. முகப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் சிறிய சங்கங்களைத் தினமும் பார்க்கிறவர்கள்தான்.

"கையில் குறையும்" என்ற பேச்சுக்கு வருவோம். ஊழியர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது, அது அவருடைய விருப்பத்தில் இல்லை. குடிமக்களுக்கு 2025 விகிதப்படி இப்படி: சம்பளம் 5,000 வரை முதலாளி 13 விழுக்காடு, ஊழியர் 11. 1,700 சம்பளத்துக்கு நீங்கள் 221 வெள்ளி, அவர் 187. சொக்சோவில் நீங்கள் 28.85, அவர் 8.25. வேலை காப்புறுதித் திட்டத்துக்கு இருவரும் தலா 3.30. கூட்டினால் உங்களுக்கு ஆகும் செலவு 1,953.15, அவர் கைக்கு 1,501.45. இப்போது ரொக்கமாக வாங்கும் 1,500-ஐவிட ஒரு வெள்ளி நாற்பத்தைந்து காசு கூடுதல்! அந்தப் பெண்ணிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

ஜாகா 63 வயது. இபிஎஃப் முதலாளி மட்டும் 4 விழுக்காடு, அவர் பங்கு இல்லை. சொக்சோவில் இரண்டாம் பிரிவு, நீங்கள் மட்டும் 1.25 விழுக்காடு, அது வேலையிடக் காயத்துக்கான பாதுகாப்பு. வேலை காப்புறுதி 60 வயதுக்கு மேல் கிடையாது. "வயசாயிருச்சு, எதுக்குச் சொக்சோ" என்று விடுகிற இடங்களில்தான் படிக்கட்டில் விழுந்த ஜாகாவின் ஆஸ்பத்திரிச் செலவு சங்கத்தின் தலையில் விழும். பகுதிநேரம் என்பதால் விகிதம் மாறாது, ஆசிரியர் 700-க்கு நீங்கள் 91, அவர் 77. ஐவருக்கும் உங்கள் இபிஎஃப் பங்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 540 வெள்ளி ஆகும் என்று வரவு செலவில் போடுங்கள்.

இந்தத் தொகைகளை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒரு நுணுக்கம்: ஓவர்டைம் காசு இபிஎஃப் கணக்கில் சேராது, சொக்சோவிலும் வேலை காப்புறுதியிலும் சேரும். ஒரே சம்பளத் தொகையை மூன்று இடத்திலும் போட்டால் ஏதாவது ஒன்று தவறும். போக்குவரத்து அலவன்ஸ் இந்த மூன்றிலும் சேராது, ஆனால் அதற்காக அடிப்படைச் சம்பளத்தை உடைத்துப் பாதியைப் "போக்குவரத்து" என்று எழுதினால் குறைந்தபட்சச் சம்பளத்தில் மாட்டுவீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. முதலாளி பங்கான 13 விழுக்காட்டை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஊழியர் பங்கைப் பிடித்துவிட்டு இபிஎஃபில் கட்டாமல் வைத்துக்கொள்வதும் பெரிய குற்றம். 6 வருடம் வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய மாதங்களின் ஊழியர் பங்கை இப்போது மொத்தமாக ஏழைகளின் சம்பளத்தில் அள்ளிவிடாமல் சங்கமே ஏற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. தவறு சங்கத்தினுடையது.

தொழிற்சங்கத் தோழர்

தைப்பூசக் கேள்வி அப்படியே நிற்கிறது. பினாங்கில் தைப்பூசம் மாநில விடுமுறை, ஆனால் தானாக இரட்டைச் சம்பள நாள் ஆகிவிடாது. முழுநேர ஊழியருக்கு வருடம் 11 அரசிதழ் விடுமுறை. அதில் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், பினாங்கு ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம். மீதி ஆறை நீங்கள் தேர்ந்து, வருடத் தொடக்கத்துக்கு முன்பே நிலையத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். தீபாவளிகூட அந்த ஐந்தில் இல்லை! நம் சங்கங்கள் தைப்பூசத்தையும் தீபாவளியையும் ஆறில் போட்டுவிடுவது வழக்கம், அது சரியும்கூட. தைப்பூசம் உங்கள் பட்டியலில் இருந்து, அன்று கிராணி வேலைக்கு வந்தால் மாதச் சம்பளம் போகக் கூடுதலாக இரண்டு நாள் சம்பளம், 130.77 வெள்ளி. வழக்கமான நேரத்துக்கு மேல் போனால் மணிக்கு மூன்று மடங்கு. பட்டியலில் இல்லையென்றால் அது சாதாரண வேலை நாள். பட்டியலே ஒட்டவில்லையென்றால் எந்த நாள் எது என்று பின்னால் சண்டை வரும், அப்போது உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கும்.

தேர்தலுக்கோ வேறு காரணத்துக்கோ அரசாங்கம் 1951 விடுமுறைச் சட்டம் 8-ஆவது பிரிவில் திடீரென்று ஒரு நாளை அறிவித்தால் அது அந்தப் பதினொன்றுக்கு மேல் கூடுதல். மாற்று நாள் கொடுக்கலாம், கொடுக்காமல் இருக்க முடியாது. விடுமுறை ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் விடுமுறை.

முழுநேரத்தின் வார நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காடு வரை வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர். வாரம் 45 மணியை வைத்துப் பார்த்தால் ஆசிரியர் 33, அம்மா 40, ஜாகா 67 விழுக்காடு. நால்வரும் அதற்குள் வருகிறார்கள். அவர்களுக்கு விடுமுறை 7 நாள், ஆண்டு விடுப்பு 6, 8, 11 என்று ஏறும், எம்.சி. (மருத்துவச் சான்று) விடுப்பு 10, 13, 15. முழுநேரத்துக்கு எம்.சி. 14, 18, 22, மருத்துவமனையில் படுத்தால் அதற்குத் தனியாக 60 நாள். ஜாகாவின் வார நேரத்தை இன்னும் இரண்டு மணி கூட்டினால் 70-ஐத் தாண்டி முழுநேர உரிமைகள் எல்லாம் வந்துவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் தணிக்கை

கோலாலம்பூரில் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன். சட்டம் மேலே நன்றாகச் சொல்லியாயிற்று, காகித வேலையை மட்டும் சேர்க்கிறேன்.

பதிவு பெற்ற சங்கம் சட்டத்தின் பார்வையில் கம்பெனி போலத் தனி ஆள் அல்ல. 1966 சங்கங்கள் சட்டப்படி, சங்கத்தின் சார்பில் வழக்கில் நிற்க இன்னார் என்று பதிவாளரிடம் ஒருவரை அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கவில்லையென்றால் எந்தப் பொறுப்பாளர் மீதும் வழக்குப் போடலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் கையெழுத்துப் போடுபவர்கள் என்பதால் இது உங்கள் பெயரில் வந்து நிற்கும். "சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லும் செயலவை உறுப்பினரிடம் இதைச் சொன்னால் தீர்மானம் சீக்கிரம் நிறைவேறும்.

தீர்மானத்தை வரிக்கு வரி எழுதுங்கள்: யாருக்கு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு பாக்கி, எப்போது கொடுப்பது. இந்த வருட வரவு செலவில் அதைக் கடன் பொறுப்பாகக் காட்டி ஏஜிஎம்-இல் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) ஏற்க வையுங்கள். ஏஜிஎம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கை பதிவாளருக்குப் போக வேண்டும். பாக்கியை மறைத்த கணக்கை ஏற்றிவிட்டு, அடுத்த வருடம் இபிஎஃப் பாக்கி என்று பெரிய தொகையைக் காட்டினால் உறுப்பினர்கள்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

ரொக்கத்தை இந்த மாதமே நிறுத்துங்கள். சம்பளம் ஊழியரின் வங்கிக் கணக்கில், மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள். ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு: அடிப்படை, ஓய்வு நாள் வேலை, ஓவர்டைம், பிடித்தம், நிகரம் என்று தனித்தனி வரி. "அலவன்ஸ்" என்ற ஒற்றை வரியில்தான் எல்லா வழக்கும் பிறக்கிறது. ஊழியர் பதிவேட்டை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். இப்போதுள்ள வவுச்சர்களையும் தூக்கிப் போடாதீர்கள், 30 வெள்ளி கொடுத்ததற்கு அதுதான் சாட்சி.

நியமனக் கடிதம் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் எழுத்தில் இருக்க வேண்டும், இருதரப்பும் எப்படி விலகுவது என்பதும் அதில் வர வேண்டும். இரண்டு பக்கம் போதும். பெயர், அடையாளக் கார்டு எண், வேலை, தொடங்கிய தேதி (உண்மையான பழைய தேதி, இன்றைய தேதி அல்ல), சம்பளம், நேரம், ஓய்வு நாள், விடுப்பு, நோட்டீஸ், ஓவர்டைம் விகிதம். புதுத் தேதி போட்டு மூன்று வருடச் சேவையை அழிக்கப் பார்க்கும் கடிதங்களை நிறையப் பார்த்தாயிற்று. வவுச்சர் ஒன்று போதும் அதைப் பொய்யாக்க.

சுவரில் இரண்டு தாள்கள்: விடுமுறைப் பட்டியல், பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பு. இரண்டாவது, வேலைவாய்ப்புச் சட்டம் 81எச் பிரிவில் 2023 முதல் எல்லா முதலாளிக்கும் கட்டாயம். இலாகா ஆள் உள்ளே வந்ததும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார்.

வருமான வரியில் முதலாளி எண் எடுத்து, பிப்ரவரி முடிவதற்குள் ஊழியருக்கு இஏ பாரமும் (அவருடைய வருடச் சம்பள விவரம்), மார்ச் 31-க்குள் வரி வாரியத்துக்கு இ பாரமும் (முதலாளியின் வருட அறிக்கை) கொடுக்க வேண்டும். 1,700 வாங்குபவருக்கு மாத வரிப் பிடித்தம் வராது, ஆனாலும் பாரம் உண்டு. விட்டுப் போகும் கிராணிக்கும் இஏ கொடுத்தனுப்புங்கள்.

சொக்சோவில் பதியும்போது ஐந்து பேரின் அடையாளக் கார்டு நகல், சங்கப் பதிவுச் சான்றிதழ், இப்போதைய செயலவைப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கட்டும். செயலவைப் பட்டியல் பழையதாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும், முதலில் அதைப் பதிவாளரிடம் புதுப்பித்துவிட்டுப் போங்கள். பதிந்தபின் ஜாகாவோ துப்புரவு அம்மாவோ வேலையிலோ, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் கைப்பேசியில் சொக்சோ அகப்பக்கத்தின் கடவுச்சொல் இருந்தால் போதாது, இன்னொருவரிடமும் இருக்கட்டும்.